பத்துக் காவலாள், ஐம்பது கதவு

சங்கரம்மாளுக்கு உயிரியல் தெரியாது. பள்ளியில் தவளையை அறுக்கச் சொன்ன மறுநாளே கணக்குப் பிரிவுக்கு மாறிக்கொண்டவள் அவள். அப்படிப்பட்டவள் பாக்டீரியாவுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததற்குக் காரணம், 1982 கோடையில் மதுரையில் ஓர் அறை மாறிப்போனதுதான்.

குற்றாலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் கணிதம், நான் ஆங்கிலம். அவள் கீழப்பாவூரில் நெல் விவசாயம் செய்த குற்றாலிங்கத்தின் மகள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தவள். தென்காசி மின்வாரிய அலுவலகத்தில் இருந்த சங்கரபாண்டியைக் கட்டிக்கொண்டு மேலகரத்தில் குடியிருந்தாள். நான் சென்னையில் வளர்ந்து வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தவள். பூட்டிய வீட்டைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். சங்கரம்மாள் சாவியைப் பைக்குள் போட்டால் போட்டதுதான். "பூட்டினப்போ சத்தம் கேட்டுச்சுல்லா, பொறவென்ன?" என்பாள். நாங்கள் சிநேகிதிகள் ஆனது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தக் கோடையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு மதுரையில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. கணிதக்காரர்களுக்கு அன்று வேறு கட்டடம் என்று அறிவித்திருந்தார்கள். சங்கரம்மாள் அறிவிப்பைப் பார்க்காமல் பழைய அறைக்கே போனாள். எனக்கு வகுப்பு இல்லாததால் நானும் கூடப் போனேன். மேடையில் நமசிவாயம் என்கிற உயிரியல் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டோம்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. பாக்டீரியாவுக்குள் அதன் சொந்த மரபுப்பொருள் போக, சின்னச் சின்ன வளையங்களாக டி.என்.ஏ. தனியே கிடக்கும். அந்த வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். நமக்கு வேண்டிய ஜீனை அந்த வளையத்தில் வெட்டி ஒட்டிவிட்டால் பாக்டீரியா நமக்காக ஒரு புரதத்தைச் செய்து தரும். ஓயாமல் செய்தால் செல் களைத்துப்போகும் என்பதால் ஜீனுக்கு முன்னால் ஒரு கதவு மாதிரி ஓர் இடம். அங்கே காவல் புரதம் ஒன்று வந்து உட்கார்ந்தால் ஜீன் ஓடாது. மருந்து போட்டுக் காவலைக் கிளப்பிவிட்டால் ஓடும்.

"சுவிட்சை அணைச்சா அணைஞ்சதுதான்" என்று முடித்தார் நமசிவாயம்.

சங்கரம்மாள் எழுந்தாள். "சார், நான் மேத்ஸ். தெரியாமக் கேக்கேன். ஒரு செல்லுக்குள்ள காவல் எத்தனை இருக்கும்?"

"சுமாரா பத்து."

"பிளாஸ்மிட்?"

"ரகத்தைப் பொறுத்தது. இருபது இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்."

"அப்போ பத்து வாட்ச்மேன் ஐம்பது கதவை எப்படி சார் பூட்டுவான்?"

அறை சிரித்தது. நமசிவாயமும் சிரித்தார். "நியாயமான கேள்வி. அதனாலதான் காவலைப் பத்து மடங்கு செய்யற ரகத்தை வளர்க்கிறோம். நூறு காவல், ஐம்பது கதவு. இப்போ போதுமா?"

"போதாது சார். வாட்ச்மேன்னா நடுவுல டீ குடிக்கப் போவாம்லா."

இந்தத் தடவை நமசிவாயம் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் எங்களைத் தேடி வந்து, எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று விசாரித்தார். தன் ஆய்வகத்தில் ஒரு தொல்லை இருப்பதாகச் சொன்னார். ஜீனை ஒட்டிய பிளாஸ்மிட்டோடு பாக்டீரியாவைக் குடுவையில் விடுகிறார்கள். வளர வளர, பிளாஸ்மிட் இல்லாத செல்கள் பெருகிப் பிளாஸ்மிட் உள்ளவை அருகிப்போகின்றன. சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது, செல்லுக்குச் சுமை எதுவும் இல்லை, பின்னே ஏன்?

"உங்க வாட்ச்மேன் டீ குடிக்கப் போறதைக் கணக்கா எழுத முடியுமா?" என்றார்.

"எழுதாம என்ன சார்" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் இலையை எடுத்துத் துடைத்த கையோடு லாக் டேபிளை விரித்துவிடுவாள். காவல் உட்காரும் வேகம் ஒன்று, எழுந்து போகும் வேகம் ஒன்று. இரண்டையும் வைத்து, எந்த நேரத்தில் எத்தனை கதவு திறந்து கிடக்கும் என்று எழுதினாள். ஆள் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் அந்த எண் பூஜ்யத்துக்கு வராது. குறையும், குறையும், வராது. சுவிட்ச் அணைந்திருக்கும்போதே கொஞ்சம் புரதம் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவைச் சுமக்கிற செல் மெதுவாகப் பெருகும். சுமக்காத செல் முந்திக்கொள்ளும். குடுவையில் நடப்பது அதுதான் என்பது அவள் கட்சி. சமன்பாட்டின் கடைசியில் கூட்டல் குறிக்கு அப்புறம் நின்ற அந்தப் பகுதியைக் 'கசிவு டெர்ம்' என்று சொல்லுவாள்.

சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு இது பெரிய தமாஷாக இருந்தது. "எங்க ஆபீசுல லைன்ல கசிஞ்சா ஃபியூசைப் பிடுங்கிருவோம். உங்க பாக்டீரியாவுக்கு ஒரு லைன்மேனை அனுப்பட்டுமா?"

"நீங்க அனுப்புத லைன்மேன் என்னிக்கு வந்து சேர்ந்தான்? கசிவே தேவலை" என்பாள் அவள்.

நமசிவாயத்துக்கும் அவளுக்கும் இடையில் தூது போனவள் ஜெபமலர். அவருடைய ஆராய்ச்சி மாணவி, கடையத்துக்காரி. சனிக்கிழமைகளில் மதுரையிலிருந்து ஊருக்கு வரும்போது தென்காசியில் இறங்கி, எங்கள் கல்லூரிக்கு ஒரு நடை வந்து, பேராசிரியர் சொன்னதைச் சொல்லி, சங்கரம்மாள் சொல்வதை வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு வருடம் இப்படி நடந்தது. நமசிவாயம் ஒருநாள் தானே சொன்னார்: சோதனையும் கணக்கும் ஒத்து வந்தால் சங்கரம்மாளைப் பகுதிநேர பி.எச்.டி.க்குத் தன்னிடம் பதிவு செய்துகொள்கிறேன் என்று. கல்லூரியும் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த அனுமதி 1984 ஜூலை முடிய மட்டும். அதற்குள் பதிவாகவில்லையென்றால் வாய்ப்பு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி அவள் முறை வருவதற்குள் அவளுக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும்.

ஜூன் கடைசியில் சோதனை முடிவு வந்தது. பூஜ்யம்.

அவர்கள் செய்தது இதுதான். கசிவை அளக்க, பிளாஸ்மிட்டில் ஒரு நொதியின் ஜீனை வைத்தார்கள். அந்த நொதி கொஞ்சம் இருந்தாலும் சோதனைக் குழாயில் ஊற்றிய மருந்து மஞ்சளாக மாறும். சுவிட்சைத் திறந்த குழாய்கள் எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாயின. அணைத்து வைத்த குழாய்களில் நிறம் இல்லை. நமசிவாயம் ஜெபமலரிடம் சொல்லி அனுப்பிய செய்தி மரியாதையாகவே இருந்தது: கணக்கு நன்றாக இருக்கிறது, அந்தக் கடைசி டெர்மை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதியை வைத்துப் பதிவு செய்துவிடலாம்.

"எடுத்துருங்க மிஸ்" என்றாள் ஜெபமலரும். "சாரே சம்மதிக்காருல்லா."

"அதை எடுத்தா மீதி என்னட்டி இருக்கு? கதவு இருக்கு, ஆள் இருக்கு, சும்மா இருக்கு."

அன்று சாயங்காலம் மேலகரத்தில் அண்ணாச்சியும் அதையே சொன்னார். "ஒரு கோடு போட்டு அடிச்சா டாக்டரு. அடிக்காட்டா வெறும் சங்கரம்மா. யோசிச்சுக்கோ."

"அடிச்சா அதுக்குப் பேரு கணக்கு இல்ல. கும்பிடு" என்றாள். குரல் உயரவில்லை. தப்பு குழாயிலா கணக்கிலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஒருவேளை தப்பு அவள் பக்கம் என்றால், இவ்வளவு உறுதியாக இருப்பவள் எப்படி அதைக் கண்டுபிடிப்பாள்?

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை. சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் அந்த மாதங்களில் சாக்பீஸ் கரும்பலகையில் வழுக்கும், விடைத்தாள்கள் அப்பளமாக இருந்தவை தோசையாகத் துவளும். ஆசிரியர் அறையில் நானும் சங்கரம்மாளும் மட்டும் இருந்தோம். ஜெபமலர் உள்ளே வந்தாள். தலைமுடியெல்லாம் பொடிப்பொடியாகத் தண்ணீர். தாவணித் தலைப்பு தோளோடு ஒட்டியிருந்தது.

"வெளியில மழையா?" என்று கேட்டேன்.

"இல்லையே மிஸ்."

"சொட்டச் சொட்ட நிற்கிறே."

"இது சாரல்லா மிஸ்" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "மழை இல்லை."

அந்த ஊரில் எனக்கு இது புதிதில்லை. குடை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம், மழை இல்லை என்பார்கள். நம்பிப் போனால் வீடு சேர்வதற்குள் புடவை கனத்துவிடும். மலையைத் தாண்டிக் காற்றோடு வருகிற அந்தப் பொடித்துளியை அவர்கள் மழைக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது. வழக்கம்போல நான் அலுத்துக்கொண்டேன். சங்கரம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி ஜெபமலர், இங்கன வா. அந்தக் குழாயில நிறம் இருந்துச்சா?"

"இல்லைன்னு சொன்னேம்லா மிஸ்."

"மழை இல்லைங்குத மாதிரி இல்லையா, நிசமாவே இல்லையா?"

ஜெபமலர் தாவணியைப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "புரியலை மிஸ்."

"சாரல் அளவுக்காச்சும் மஞ்சள் இருந்துச்சான்னு கேக்கேன்."

"அது..." என்றாள். "லேசா ஒரு இது இருந்துச்சு. அதைப் போயி நிறம்னு சொல்ல முடியுமா?"

"பிளாஸ்மிட்டே இல்லாத செல்லு வச்சு ஒரு குழாய் வச்சிருப்பியே, அதுலயும் அந்த லேசு இருந்துச்சா?"

"அது பச்சைத் தண்ணி மாதிரி இருந்துச்சு மிஸ். அதுல ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிஷம் நின்றாள். "ஐயோ மிஸ்."

நடந்தது இவ்வளவுதான். அந்த ஆய்வகத்தில் நிறத்தை எண்ணாக அளக்கும் கருவி ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை. அதனால் குழாய்களைக் கண்ணால் பார்த்துப் பிரித்து, நிறம் உள்ளவற்றை மட்டும் கருவிக்குக் கொண்டுபோவார்கள். நமசிவாயம் கும்பகோணத்துக்காரர். அணைத்து வைத்த குழாயில் நிறம் உண்டா என்று அவர் கேட்டார். கடையத்துக்காரி இல்லை என்றாள். அவர் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்.

ஜெபமலர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். சங்கரம்மாள் அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டு, "உன்னையக் குத்தம் சொல்லலட்டி. என்னையக் கேட்டிருந்தா நானும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். திங்கக்கிழமை உன்கூட வாரேன்" என்றாள். என்னைப் பார்த்து, "வேதா, நீயும் வா. அவரு இங்கிலீஷ்ல கோவப்பட்டாருன்னா எனக்குச் சொல்லு" என்றாள்.

நமசிவாயம் கோபப்படவில்லை. ஆனால் அசரவும் இல்லை. நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"உங்க பூஜ்யம் ஒரு ஊர்ப் பேச்சு சார்" என்றாள் சங்கரம்மாள்.

"இருக்கட்டும்மா. லேசா மஞ்சள் இருந்ததுன்னே வச்சுக்குவோம். அது கசிவுன்னு யார் சொன்னது? செல் உடைஞ்சு வந்த அழுக்கா இருக்கலாம். மருந்தே பழசாகி மஞ்சளடிச்சிருக்கலாம். பிளாஸ்மிட் இல்லாத குழாய் தெளிவா இருந்ததும் கண்ணால பார்த்ததுதானே. லேசான நிறத்துக்கு நூறு காரணம் இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே அது நியாயமாகப் பட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

சங்கரம்மாள் கரும்பலகைக்குப் போனாள். "சார், உங்ககிட்ட ரெண்டு ரகம் பிளாஸ்மிட் இருக்கு. ஒண்ணு செல்லுக்கு இருபது, இன்னொண்ணு அறுபது. காவல் ரெண்டுலயும் நூறு. சரிதான?"

"சரி."

"அழுக்குன்னா ரெண்டு குழாயிலயும் ஒரே மஞ்சள் வரணும். கதவுக்கு ஒரு ஓட்டைன்னு கசிஞ்சா மூணு மடங்கு வரணும். என் கணக்கு அது ரெண்டும் இல்லைங்குது. இருபது கதவுல இருபது ஆளு உக்காந்தா எண்பது பேரு சும்மா சுத்துவான். ஒருத்தன் எந்திரிச்சா அடுத்தவன் உடனே உக்காந்துருவான். அறுபது கதவுல அறுபது பேரு உக்காந்தா சுத்துறது நாப்பதே பேரு. எந்திரிச்ச இடம் ரெண்டு மடங்கு நேரம் காலியாக் கிடக்கும். கதவு மூணு மடங்கு, காலி நேரம் ரெண்டு மடங்கு." பலகையில் பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டாள். "ஆறு."

நமசிவாயம் பலகையைப் பார்த்தபடி இருந்தார். "ஆறு வரலைன்னா?"

"அழுக்குக் கணக்கா ஒண்ணுக்குப் பக்கத்துல வந்தாலும், ஓட்டைக் கணக்கா மூணுக்குப் பக்கத்துல வந்தாலும், நானே அந்த டெர்மை அழிச்சுட்டு ஊருக்குப் போயிருதேன். பதிவும் வேண்டாம்."

ஜெபமலர் என் கையைப் பிடித்தாள். வெளியே வந்ததும், "மிஸ் ஏன் இப்படிச் சொன்னாங்க? சார் சும்மாவே கையெழுத்துப் போட்டுத் தருவாரு. இப்போ நான் குழாயைப் பிடிச்ச கை நடுங்குச்சுன்னா?" என்றாள்.

"நடுங்கினா ரெண்டு குழாயிலயும் சேர்ந்துதான நடுங்கும்?" என்றாள் சங்கரம்மாள். "போயி வேலையைப் பாரு."

மறுநாள் காலையில் ஜெபமலர் இரண்டு ரகத்தையும் சுவிட்ச் அணைந்த நிலையில் வளர்த்து, மருந்து ஊற்றி வைத்தாள். வழக்கமாக விடும் நேரத்துக்கு மேல் விட்டுவைக்கச் சொன்னாள் சங்கரம்மாள். கசிவு குறைவானாலும் நின்றால் சேரும். நாங்கள் இருவரும் எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டோம். அவள் இரண்டாவது ஈடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

பிற்பகலில் நமசிவாயம் யாரையும் விடாமல் தானே கருவியின் முன் உட்கார்ந்தார். பிளாஸ்மிட் இல்லாத குழாயை முதலில் வைத்து, அதைப் பூஜ்யம் என்று கருவிக்குக் காட்டினார். அடுத்து இருபது ரகம். முள் கொஞ்சமாக நகர்ந்தது. ஆகவே அந்த லேசு அழுக்கல்ல, ஏதோ இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் பாக்கி. அறுபது ரகக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கே மஞ்சள் தெரிந்தது. அதையும் வைத்துப் படித்தார். இரண்டாம் தடவை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் படித்தார். பிறகு கருவியின் பக்கத்தில் கிடந்த காகிதத்தில் வகுத்தார்.

"ஐந்தரை" என்றார்.

"ஒண்ணு இல்லை. மூணும் இல்லை" என்றார். பின் திரும்பி, விடாமல், "ஆனா நீங்க ஆறுன்னு எழுதினீங்க" என்றார்.

"எழுதினேன்."

"அரை குறையுதே."

"குறையுது சார். அது எங்க போச்சுன்னு தேடத்தான் பதிவு கேக்கேன். ஆறே வந்திருந்தா நான் என்னத்தை ஆராய்ச்சி பண்ண?"

நமசிவாயம் முதலில் ஜெபமலரைப் பார்த்தார், பிறகு என்னை. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அலுவலகம் மூடுவதற்கு அரைமணி இருந்தது. விண்ணப்பத்தில் தலைப்பு எழுதும் இடத்தில் 'கசிவு' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு முதலில் வாயில் வந்தது 'லீக்கி', ஓட்டைக் குழாய்க்கும் ஓட்டைப் படகுக்கும் சொல்வது. நான் தயங்கினேன், வேறு கௌரவமான சொல் தேடலாமா என்றேன். "கசியுறதுக்கு என்ன கௌரவம்? அதையே போடு" என்றாள் சங்கரம்மாள். போட்டேன். நமசிவாயம் கையெழுத்திட்டார்.

அந்த அரையைத் தேட அவளுக்கு நாலு வருடம் பிடித்தது. நான் அதற்குள் கல்யாணமாகிக் கனடா வந்துவிட்டேன். மீதியை விடுமுறைக்கு ஊர் போனபோது அவள் வாயால் கேட்டேன். எல்லா செல்லிலும் அறுபது பிளாஸ்மிட் இருப்பதில்லை. சிலவற்றில் எழுபது, சிலவற்றில் ஐம்பது. எழுபது உள்ளது அதிகமாகக் கசியும், அதனாலேயே மெதுவாகப் பெருகும். ஐம்பது உள்ளது குறைவாகக் கசிந்து கூட்டத்தில் முந்திக்கொள்ளும். குழாயில் கடைசியில் நிற்பது குறைவாகக் கசிபவர்களின் கூட்டம். அரை அங்கேதான் போயிற்று. குடுவையில் பிளாஸ்மிட் அருகிப்போனதற்கு அவள் முதலில் சொன்ன காரணமும் இந்தக் காரணமும் ஒன்றேதான் என்று தெரிந்தபோது, நமசிவாயம் தொலைபேசியிலேயே அவளை முழுக் கணக்கையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம்.

கட்டுரை வெளியானபோது ஜெபமலர் பெயரை முதலில் போடச் சொல்லி அவள் சண்டை பிடித்தாள். குழாயைப் பிடித்தவள் அவள்தானே என்பது வாதம். ஜெபமலர் வேண்டாம் என்று கும்பிட்டும் கேட்கவில்லை. 1989இல் வாய்மொழித் தேர்வு முடிந்து முனைவர் சங்கரம்மாளாக வெளியே வந்தவளிடம் இனி மதுரைக்கே வந்துவிடலாமே என்று கேட்டிருக்கிறார்கள். மேலகரத்திலிருந்து கல்லூரி பக்கம், அண்ணாச்சிக்குப் பணிமாற்றம் கிடைக்காது, முதல் வருடப் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் நடத்த வேறு யாரும் சரியாக இல்லை என்று மூன்று காரணம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாளாம். ராஜபாளையம் தாண்டும்போதே தூங்கிவிட்டேன் என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் காலை முதல் மணி அவளுடையது.